இரு லயங்கள்: இசைத் தரப் பரீட்சைகள் பற்றிச் சில சிந்தனைகள்

'லயம்' என்னும் சொல்லுக்கு நம்மிடையே இரு பொருள் உண்டு. சங்கீதம் பயின்றோர்க்கு அது காலத்தின் ஒழுங்கு, தாளத்தின் உயிர். மலையகத்திலே பிறந்தோர்க்கோ அது ஆங்கிலச் சொல்லொன்றின் திரிபு. பத்தடிக்குப் பன்னிரண்டடியாக வரிசையாய்க் கட்டப்பட்ட காம்பராக்களின் பெயர். முதலாவது லயத்தை அறிந்தோர் இரண்டாவதில் வாழ்ந்தறியார். இரண்டாவதில் வாழ்வோர் முதலாவதை அறியார் என்பது படித்தோரிடையே நிலவும் எண்ணம். இவ்வெண்ணத்தின் பிற்பகுதி பொய். அப்பொய் எவ்வாறு நிலைபெற்றது, அதனை நிலைநிறுத்துவதில் இளம் மாணாக்கர்க்கு நடத்தப்படும் இசைத் தரப் பரீட்சைகளின் பங்கு யாது என்பதே நமது ஆராய்ச்சி.

இலக்கியத் திங்களிதழிலே பரீட்சையைப் பற்றி எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். பரீட்சையின் பாடத்திட்டமும் ஒரு நூலே. எது கலை, எது கலையன்று. எது முதற்படி, எது முடிந்த படி. யார் கற்றவர், யார் கல்லாதவர் என்பதையெல்லாம் அது ஓசையின்றித் தீர்ப்பளித்து விடுகின்றது. ஒரு நாவலை விமரிசிக்கும்போது அதிலே எந்த மாந்தர் இடம்பெற்றனர், எந்த மாந்தர் இடம்பெறவில்லை என்று பார்க்கிறோம். பாடத்திட்டத்தையும் அவ்வாறே படிக்க வேண்டும். நாவலைப் படிப்போர் சில ஆயிரவர். பாடத்திட்டத்தின் தீர்ப்புக்கு உட்படுவோரோ தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1889ஆம் ஆண்டு இலண்டனிலே இரண்டு அரச இசைக் கல்லூரிகள் கூடி, இசைப் பரீட்சைகளை நடத்துவதற்கெனப் பொதுவான சபையொன்றை நிறுவின. ஒரு கல்லூரியின் தலைவர் அலெக்சாந்தர் மக்கென்சி. மற்றதன் தலைவர் ஜோர்ஜ் குரோவ். டிரினிட்டி இசைக் கல்லூரி அதற்கு முன்னரே தனது கல்லூரிக்கு வெளியிலுள்ளோர்க்கும் பரீட்சை நடத்தத் தொடங்கியிருந்தது. ஆங்கிலேயரின் கொடி பறந்த இடமெல்லாம் இப்பரீட்சைகளும் சென்றன. தேயிலை கப்பலேறி இலண்டன் சென்றது. இலண்டனிலிருந்து பரீட்சகர் கப்பலேறி இங்கு வந்தார். இரண்டும் ஒரே வாணிபப் பாதையில் நடந்த போக்குவரத்தே.

ஆனால் இங்கிலாந்திலேயே இதற்கு வேறொரு ஊற்றுக்கண்ணும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஜோன் கர்வன் என்னும் கிறித்தவப் போதகர், சுரங்களை எழுத்துகளாற் குறித்துப் பாடக் கற்பிக்கும் முறையொன்றைப் பரப்பினார். நமது சரிகம முறையோடு ஒப்பிடத்தக்க எளிமை அதற்கு உண்டு. பியானோ வாங்க இயலாத ஆலைத் தொழிலாளரும் ஞாயிறு பள்ளிச் சிறுவரும் அம்முறையாற் கூட்டமாகப் பாடக் கற்றனர். அவர்கட்கும் படிப்படியாகச் சான்றிதழ் வழங்கப்பட்டது. ஆகவே, படிமுறைப் பரீட்சை என்பது செல்வர் வீட்டுக் கூடத்தில் மட்டும் பிறந்ததன்று. உழைப்பாளர் கற்கும் ஆவலிலும் அது வேரூன்றியிருந்தது. இவ்விரண்டாவது வேரை நாம் மறந்துவிட்டோம்.

தமிழரிடையே இதே பணியை வட இலங்கைச் சங்கீத சபை மேற்கொண்டது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதம் முதலிய துறைகளிலே தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, ஆசிரியர் தரத்தில் தேறியோர்க்குக் 'கலாவித்தகர்' என்னும் பட்டத்தை அது வழங்கி வருகின்றது. வடக்கிலே தோன்றிய அச்சபையின் பரீட்சைகளுக்கு இலங்கையின் பல பகுதிகளிலுமிருந்து தமிழ் மாணவர் தோற்றுகின்றனர். இவையன்றி, அரசாங்கத்தின் க. பொ. த. சாதாரண தரத்திலும் கர்நாடக சங்கீதமும் மேலைத்தேய சங்கீதமும் அழகியற் பாடங்களாக உள்ளன. இவ்வாறு மூன்று ஏணிகள் நம்முன் நிற்கின்றன.

ஏணிகளைப் பழிப்பது எளிது. 'கலைக்குப் பரீட்சையா?' என்று கேட்டுவிட்டால் கைதட்டல் கிடைக்கும். அத்தகைய அழகியல்வாதம் நமக்கு உடன்பாடன்று. பரீட்சை வருமுன் இசைக் கல்வி எவ்வாறிருந்தது? குருவின் இல்லத்திலே, குருவின் விருப்பத்தின்படி, குருவின் குலத்தார்க்கும் அவர் விரும்பியோர்க்கும் அளிக்கப்படும் கொடையாக இருந்தது. எதைக் கற்கவேண்டும், எவ்வளவு கற்றால் போதும் என்பதைச் சீடன் அறியான். சாதி குறைந்தவன் வாயிலைக் கடத்தலே அரிது. அச்சிட்ட பாடத்திட்டம் இவ்விருளை ஓரளவு நீக்கியது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்னும் ஒழுங்கு எல்லோரும் வாசிக்கத்தக்க தாளில் வந்தபோது, கலை இரகசியமாயிருந்த காலத்தின் கதவு சற்றே திறந்தது. மாணவனை அறியாத பரீட்சகர் ஒருவர், அவன் யார் மகன் என்று கேளாது, அவன் குரலை மட்டும் கேட்டு மதிப்பெண் இடவேண்டும் என்பது பரீட்சையின் விதி. அந்த விதியிலே ஒரு சனநாயக வாக்குறுதி இருக்கின்றது. நாம் பரீட்சையை எதிர்க்கவில்லை. அதன் வாக்குறுதியை நிறைவேற்று என்றே கேட்கிறோம்.

அவ்வாக்குறுதி எங்கே முறிகின்றது?

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே லுணுகலை இருக்கின்றது. சுற்றிலும் அடாவத்தை, ஹொப்டன் முதலிய தோட்டங்கள். அப்பால் மடுல்சீமை மலைகள். ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்பு உண்டு. அம்மணத்தை உண்டாக்குவோரின் பிள்ளைகள் எவ்வாறு இசை கற்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்போம்.

பியானோவை எடுத்துக்கொள்வோம். தோட்டங்களுக்கு அது புதிய பொருளன்று. துரைமார் பங்களாக்களிலும் அவர்களது கிளப்புகளிலும் அது ஒரு காலம் ஒலித்தது. ஆயின் பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலிருந்த தொலைவு, மைல் கணக்கில் அளக்கக்கூடிய தொலைவன்று. இன்று பியானோ கற்பிப்போர் கொழும்பிலும் கண்டியிலும் உளர். அவர்களை நாடிச் செல்வதென்றால் ஒரு நாட் கூலியை இழந்து, மலைச்சாலையிலே பல மணி நேரம் பஸ்ஸிலே செல்லவேண்டும். 2021 மார்ச் மாதத்திலே லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ்ஸொன்று பசறைக்கருகே பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை நாடறியும். இம்மக்களுக்குத் தலைநகர் என்பது அத்தகைய பாதையின் மறுமுனை.

கட்டணம் அடுத்த தடை. இலண்டன் பரீட்சையின் கட்டணம் இங்கிலாந்தின் நாணயத்தைப் பின்பற்றி ஏறும். தோட்டத் தொழிலாளியின் கூலியோ போராட்டத்தைப் பின்பற்றித்தான் ஏறும். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்னும் கோரிக்கை பல ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர் 2021இல் நிறைவேறியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இடையே 2022இல் ரூபாயின் மதிப்புச் சரிந்தபோது, கிளர்ச்சியால் வென்ற கூலியின் பெரும்பகுதியை விலைவாசி விழுங்கிவிட்டது. அந்த ஆண்டிலே ஒரு குழந்தையின் முதல் தரப் பரீட்சைக்குக் கட்டணம் செலுத்துவது எத்தனை நாட் கொழுந்துக்குச் சமம் என்று கணக்கிட்டால், ஏணியின் முதற்படியே கூரைக்கு மேலேதான் தொடங்குகின்றது என்பது விளங்கும்.

2020 முதல் இலண்டன் சபை, வாசிப்பைப் பதிவுசெய்து அனுப்பும் புதிய பரீட்சை வகையொன்றையும் நடத்துகின்றது. பரீட்சகரை நாடி நகருக்குச் செல்லவேண்டிய தேவை அதனால் நீங்கிற்று. தூரத்தை விஞ்ஞானம் வென்றது, உண்மை. ஆனால் பதிவுசெய்யும் கருவியும், அனுப்பும் தொடர்பும், யாவற்றுக்கும் மேலாக வாசிக்க ஒரு பியானோவும், கற்பிக்க ஒரு ஆசிரியரும் வேண்டுமே! விஞ்ஞானம் தூரத்தை வெல்லும். சொத்துடைமையைத் தானாக வெல்லாது.

இனி, அரசாங்கத்தின் ஏணி இலவசமானதல்லவா என்று கேட்கலாம். 1940களின் நடுவிலே கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. அது பெருஞ் சாதனை. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. ஓராசிரியர், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி என்பதே அவற்றின் நீண்ட காலக் கதை. 1948இல் குடியுரிமையையே பறிகொடுத்த மக்களின் பிள்ளைகளுக்குச் சங்கீத ஆசிரியர் வேண்டுமென்று கேட்பார் யார்? 1970களிலேதான் அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. மற்ற இடங்களிலே அழகியற் பாடம் வேரூன்றிக் காய்த்த பின்னரே இங்கு விதை போடப்பட்டது. இன்றும் அழகியற் பாடத்துக்குத் தகுதிபெற்ற ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் மலையகத்திலே உள. ஆசிரியர் இல்லாத இடத்திலே பாடத்தெரிவு என்பது வெறும் சொல்.

இது வறுமையைப் பற்றிய முறையீடு மாத்திரமாயின் இத்துடன் நிறுத்திவிடலாம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள், ஆசிரியரை அனுப்புங்கள், பியானோவைக் கொடுங்கள் என்று கூறி முடித்துவிடலாம். ஆனால் சிக்கல் அதனினும் ஆழமானது. ஏணி எட்டாத உயரத்திலிருப்பது ஒரு குறை. ஏற வருபவன் ஏற்கெனவே பெற்றுள்ள அறிவை அது காணாதிருப்பது மற்றொரு குறை. முதற்குறையைப் பணம் தீர்க்கும். இரண்டாவதைச் சிந்தனையே தீர்க்கும்.

லயத்திலே பிறந்த குழந்தை இசையின்றிப் பிறப்பதில்லை. தொட்டிலிலே தாலாட்டைக் கேட்கின்றது. சாவு வீட்டிலே ஒப்பாரியைக் கேட்கின்றது. மாசி மாதத்திலே காமன் கூத்துக்குக் கம்பம் நாட்டியதும், இரவு இரவாகப் பாடல்களைக் கேட்கின்றது. ரதியும் மதனும் ஆடி, மதனை எரித்து முடிக்கும்வரை அப்பாடல்களை ஏட்டைப் பாராது நெஞ்சிலிருந்து பாடும் முதியவரை அது பார்க்கின்றது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவையும் அவ்வாறே. இவற்றையெல்லாம் இணைத்து நிற்பது தப்பு. திருவிழாவுக்கு ஓரடி, சாவுக்கு ஓரடி, கூத்துக்கு ஓரடி என்று அதன் அடிகள் வேறுபடும். அந்தத் தப்பே ஒருகாலம் விடியலிலே பிரட்டுக்களத்துக்கு ஆட்களை அழைக்கவும் ஒலித்தது. அடியைக் கேட்டே செய்தியை அறியும் செவி, லயத்துக் குழந்தையின் செவி. சங்கீத வித்துவான்கள் 'லயஞானம்' என்று போற்றுவதன் அடிப்படை இதுவேயன்றி வேறென்ன?

இவ்வறிவைப் பரீட்சை எவ்வாறு மதிக்கின்றது என்று பார்ப்போம். இலண்டன் சபையின் நேர்முகப் பரீட்சையிலே மொத்தம் 150 மதிப்பெண். 100 பெற்றால் சித்தி. 120 பெற்றால் திறமைச் சித்தி. 130 பெற்றால் அதிதிறமைச் சித்தி. பியானோ மாணவன் மூன்று உருப்படிகளை வாசிக்கவேண்டும். அவற்றுக்கு முப்பது முப்பதாகத் தொண்ணூறு. சுர வரிசைகளுக்கு 21, முன்பின் பாராத இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு 21, செவிப்பயிற்சிக்கு 18. மிகவும் ஒழுங்கான பங்கீடு. இப்பங்கீட்டிலே கைப்பழக்கத்துக்கு இடமுண்டு, வாசிப்பறிவுக்கு இடமுண்டு, செவிக்கும் இடமுண்டு.

பாட்டு மாணவர்க்கோ இதிலே ஒரு மாறுதல். சுர வரிசைக்குப் பதிலாக, பக்கவாத்தியமின்றி, மனப்பாடமாக, ஒரு மரபுப் பாடலைப் பாடவேண்டும். அதற்கே 21 மதிப்பெண். அப்பாடலை மாணவரே தெரிந்துகொள்ளலாம். எந்த மொழியிலும் பாடலாம். ஆங்கிலமல்லாத மொழியாயின் அதன் கருத்தைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தாற் போதும்.

இந்த விதியை நமது ஆசிரியர்கள் நின்று நிதானமாகப் படிக்கவேண்டும். ஏகாதிபத்தியத்தின் உச்சிப்பொழுதிலே பிறந்த சபையொன்றின் பாடத்திட்டத்திலேயே, லுணுகலைத் தாலாட்டு நுழையத்தக்க ஒரு சிறு வாயில் இருக்கின்றது! பியானோ வேண்டியதில்லை, பக்கவாத்தியம் வேண்டியதில்லை, தாய்மொழியிலே, தாய் பாடிய மெட்டிலே, நின்று பாடினாற் போதும். பரீட்சகர் அதனைக் கேட்டே ஆகவேண்டும். 21க்கு மதிப்பிட்டே ஆகவேண்டும்.

ஆனால் அவ்வாயிலின் வழியே யார் நுழைகின்றார்கள்? கற்பிக்கும் ஆசிரியர் தமக்குக் கைவந்த ஆங்கிலத் தொகுதியிலிருந்து ஓர் அயர்லாந்துப் பாடலையோ ஸ்கொத்லாந்துப் பாடலையோ கற்றுக்கொடுத்துவிடுவதே இயல்பு. அப்பாடல்கள் இழிந்தவையல்ல, அவையும் உழவரும் மீனவரும் படைத்தவையே. வேடிக்கை என்னவெனில், அயர்லாந்து உழவனின் பாட்டு அச்சேறித் தொகுதியாகிக் கடல்கடந்து வந்து பாடமாகியுள்ளது; அடுத்த மலையிலுள்ள கொழுந்துக்காரியின் பாட்டுக்கு அவ்வாய்ப்பில்லை. வாயில் திறந்திருந்தும் அதன் வழியே செல்லத்தக்கது தம்மிடம் உள்ளது என்பதை அறியாதிருத்தலே அடிமைத்தனத்தின் நுட்பமான வடிவம்.

நமது கர்நாடகப் பாடத்திட்டத்தையும் இதே உரைகல்லிலே உரைத்துப் பார்க்கவேண்டும். 1940களிலே தமிழிசை இயக்கம் ஒரு நியாயமான வினாவை எழுப்பியது: தமிழர் மேடையிலே தமிழ்ப் பாட்டுக்கு இடமெங்கே? 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் தோன்றியது. ஈழத்தவரான விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்து பழந்தமிழிசையின் பெருமையை நிறுவியது. இவை நாம் நன்றியோடு நினைக்கவேண்டிய முயற்சிகள். ஆயினும் அவ்வினா பெரும்பாலும் பாட்டின் மொழியோடு நின்றுவிட்டது. தெலுங்குக் கீர்த்தனைக்கு அருகே தமிழ்க் கீர்த்தனை அமர்ந்தது. கீர்த்தனைக்கு அருகே தெம்மாங்கு அமரவில்லை. மிருதங்கத்துக்கு அருகே தப்பு அமரவில்லை. மொழியின் தீண்டாமை ஓரளவு நீங்கிற்று. கருவியின் தீண்டாமை நீங்கவில்லை.

இங்கே சாதியின் பெயரை உச்சரிக்காமல் நழுவுவது நேர்மையாகாது. மிருதங்கமும் தோல், தப்பும் தோல். ஒன்று கலையாகவும் மற்றது இழிதொழிலாகவும் எண்ணப்படுவதற்கு இசையிலக்கணத்திலே காரணமில்லை. அடிப்பவன் யார் என்பதே காரணம். லயங்களிலேயே ஒரு பகுதியார்க்குரிய கடமையாகத் தப்பு ஒதுக்கப்பட்டிருந்தமையால், படித்து முன்னேற விழையும் இளைஞர் அதனைக் கையாலும் தொட மறுக்கின்றனர். அவர்களை நாம் குறைகூற முடியாது. இழிவைச் சுமத்திவிட்டு, 'மரபைக் காக்கவில்லையே' என்று சுமந்தவனையே கடிவது மேல்தட்டினரின் பழைய தந்திரம். தப்பு எல்லோரும் பயிலும் கருவியாகும் நாளிலேதான் அது கலையாகவும் வாழும்.

பாட்டு என்பது இம்மக்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டும். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தோட்டத் தொழிலாளரின் துயரையும் உரிமையையும் பாட்டாக்கித் தாமே கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்கள் நூலாகவும் வந்தன. மக்கள் அறிந்த மெட்டுகளிலே அவை அமைந்தமையால், எழுத்தறியாதோரும் அவற்றை ஏற்றுப் பாடினர். பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நமக்குத் தந்தார். எந்தப் பரீட்சையும் சோதித்துப் பாராத இசையே ஒரு வர்க்கத்தைத் தன் நிலை உணரச் செய்தது.

அளவுகோல் எப்போதும் நடுநிலையானது என்று நம்புவோர்க்கு நமது நாட்டு வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. 1952இல் இலங்கை வானொலி தனது இசைக் கலைஞரைத் தரம் பிரிப்பதற்காக, லக்னோ பாத்கண்டே கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் ரத்தன்ஜங்கரை வரவழைத்தது. சிங்கள மக்களின் உள்ளங்கவர்ந்த பாடகர் சுனில் சாந்த அத்தேர்வுக்கு உட்பட மறுத்தார். அவர் கல்லாதவரல்லர், அதே கல்லூரியிலே பயின்று தேறியவர். வட இந்திய இராகத்தின் கோலைக் கொண்டு தம் நாட்டுப் பாட்டை அளப்பதையே அவர் எதிர்த்தார். அம்மறுப்பின் விலையாக வானொலியில் தமக்கிருந்த இடத்தை இழந்தார். தேர்வை நடத்திய பேராசிரியர் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. பேரறிஞரின் கையிலுள்ள கோலும், வேறொரு நிலத்திலே செய்த கோலாக இருக்கக்கூடும் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை.

அப்படியாயின் கோலே வேண்டாமா? வேண்டும், நம் நிலத்திலே செய்த கோல் வேண்டும். இதற்கு ஹங்கேரி நாட்டின் வரலாறு நல்ல வழிகாட்டி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பேலா பார்த்தோக்கும் சொல்தான் கொடாயும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்று உழவரின் பாடல்களைத் திரட்டினர். நகரத்தார் நாகரிகமற்றவை என்று தள்ளிய மெட்டுகளைப் பார்த்தோக் சிறுவர்க்குரிய பியானோ உருப்படிகளாக்கினார். பின்னர் 1926 முதல் 1939 வரை உழைத்து, 'மிக்ரோகொஸ்மொஸ்' என்னும் பெயரிலே 153 உருப்படிகளை ஆறு தொகுதிகளாக, மிக எளியதிலிருந்து மிக அரியதுவரை படிப்படியாக அமைத்தார். இன்று உலகெங்கும் பியானோப் பரீட்சைகளிலே குழந்தைகள் பார்த்தோக்கை வாசிக்கின்றனர். கொழும்பிலே தன் மூன்றாம் தரத்துக்கு அவ்வுருப்படியொன்றைப் பயிலும் சிறுமி, தான் வாசிப்பது உழவரின் பாட்டென்பதை அறிவாளோ என்னவோ! கொழுந்துக்காரியின் பாட்டு பியானோவில் ஏறமுடியாது என்பார்க்கு இதுவே விடை.

கொடாய் மற்றொரு திசையிலே சென்றார். எல்லாக் குழந்தைக்கும் இயற்கை இலவசமாக வழங்கிய கருவி குரலே. ஆதலின் இசைக் கல்வி குரலில் தொடங்கவேண்டும், தாய்மொழிப் பாட்டில் தொடங்கவேண்டும், கூட்டுப் பாடலாகத் தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1950இல் கெச்கெமேத் நகரிலே நாள்தோறும் பாட்டுப் பயிற்றும் ஆரம்பப் பாடசாலை தொடங்கப்பட்டது; பின்னர் அத்தகைய பாடசாலைகள் அந்நாட்டிலே பெருகின. நாம் முன்னர்க் குறிப்பிட்ட கர்வனின் முறையிலிருந்தும் கொடாய் சிலவற்றை ஏற்றுக்கொண்டார். ஆலைத் தொழிலாளரிடையே பரவிய முறை ஒரு தேசத்தின் கல்வியிலே மறுபிறவி எடுத்தது.

லுணுகலைக்கு இதன் பொருள் என்ன? பியானோ வரும்வரை இசைக் கல்வி காத்திருக்க வேண்டியதில்லை என்பதே. பியானோவும் வரட்டும், அதனைக் கேட்கும் உரிமையும் லயத்துக் குழந்தைக்கு உண்டு. ஏழையின் பிள்ளைக்கு நாட்டுப்பாட்டு, செல்வன் பிள்ளைக்குப் பியானோ என்னும் பங்கீட்டை நாம் ஏற்கவில்லை. அது புதிய சாதிமுறை. மனிதகுலம் படைத்த இசையனைத்தும் உழைக்கும் மக்களின் உடைமை. பாக்கும் தியாகராசரும் அவர்களுக்கும் உரியவர்கள். ஆனால் புறப்படும் இடம் தன் வீடாக இருந்தால், செல்லும் வழியும் தெளிவாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மக்கள் பாடலைப் பரீட்சைக்குள் புகுத்தினால் அது உயிரிழந்து போகாதா என்பது நேர்மையான ஐயம். ஒப்பாரியை ஒன்றாந் தரம், இரண்டாந் தரம் என்று பிரிப்பதைக் கற்பனை செய்யவே மனம் கூசுகின்றது. மகனை இழந்த தாயின் குரலுக்கு மதிப்பெண் இடுபவன் யார்? சுரத்துக்குச் சுரம் இழைந்து வழுகும் அக்குரலைப் பியானோவின் கட்டைகளிலே தேடுவதும் வீண். ஆகவே, சோதிக்கத்தக்கதையும் சோதிக்கத்தகாததையும் வேறுபடுத்தியாக வேண்டும். தப்பின் அடிகளைச் சோதிக்கலாம். அவை பயிற்சியால் வருவன. காமன் கூத்தின் மெட்டுகளை, அவற்றைப் பாடும் நினைவாற்றலைச் சோதிக்கலாம். தாலாட்டின் மெட்டைப் பாடச் சொல்லிக் குரலின் பண்பைச் சோதிக்கலாம். ஒப்பாரியைக் கேட்கலாம், பதிவுசெய்யலாம், ஆராயலாம், சோதிக்கக்கூடாது. எல்லையை அறிந்த பரீட்சையே பண்பட்ட பரீட்சை.

அதேபோல, சான்றிதழே முடிவான நோக்கமாகிவிடும் நோயையும் நாம் கண்டிக்கவேண்டும். மூன்று உருப்படிகளை ஓராண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வாசித்து, தரத்தைத் தாண்டியதும் அவற்றை மறந்து, அடுத்த மூன்றை எடுத்துக்கொள்ளும் குழந்தைகள் நகரங்களிலே ஏராளம். எட்டாந் தரம் முடிந்த மறுநாளே பியானோ மூடப்படுகின்றது. சங்கீதத்திலும் பட்டம் பெற்ற பெண்ணின் வீணை, திருமணத்தின் பின் உறைக்குள் உறங்குகின்றது. சான்றிதழ் மணச்சந்தையிலும் கல்லூரி அனுமதியிலும் செலாவணியாகிவிட்டால், இசை வெறும் மூலதனமாகிவிடும். வாய்ப்பற்ற குழந்தை இசைக்கு வெளியே நிற்கின்றது. வாய்ப்புள்ள குழந்தை சான்றிதழுக்குள் அடைபட்டு நிற்கின்றது. இருவரும் இழப்பது ஒன்றையே.

நாம் செய்யத்தக்கன யாவை? அரசாங்கத்தைக் கேட்கவேண்டியவற்றை உரத்துக் கேட்போம்: பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதிகளின் பாடசாலைகளுக்குச் சங்கீத ஆசிரியர் நியமனம், சில பாடசாலைகளுக்குப் பொதுவாகவேனும் இசைக்கருவிகள், பரீட்சைக் கட்டணத்துக்கு உதவி. பரீட்சைச் சபைகளைக் கேட்கவேண்டியதையும் கேட்போம்: தப்பையும் கூத்துப் பாடலையும் விருப்பப் பாடங்களாகவேனும் ஏற்று, அவற்றை அறிந்த கூத்துக் கலைஞரையே பரீட்சகராக அமர்த்துதல். கையெழுத்திட அறியாத அண்ணாவியார் ஒருவர் பரீட்சகர் நாற்காலியில் அமரும் நாள், நமது கல்வி வரலாற்றிலே ஒரு புதுநாள்.

ஆனால் எவரையும் கேளாது நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மலையகப் பாடசாலைகளிலே பணிபுரியும் ஆசிரிய நண்பர்களும் விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவ நண்பர்களும் தத்தம் தோட்டத்துப் பாடல்களைப் பதிவுசெய்யட்டும். பாடியவரின் அனுமதி பெற்று, சொற்களை எழுதட்டும். சங்கீதம் அறிந்தோரின் துணையோடு சுரப்படுத்தட்டும். மூன்று சுரங்களுக்குள் அடங்கும் தாலாட்டு முதலாவதாக, நீண்ட கூத்துப் பாடல் இறுதியாக, எளியதிலிருந்து அரியதை நோக்கி அவற்றை வரிசைப்படுத்தட்டும். முதலிலே அது ஒரு கையெழுத்துப் பிரதியாகவே இருக்கலாம். அதுவே நம் நிலத்துப் படிமுறை நூலின் முதற்பிரதி. அதிலிருந்து ஒரு பாடலைக் கற்று, இலண்டன் சபையின் அந்த 21 மதிப்பெண் வாயிலிலே நம் குழந்தையொன்று நிமிர்ந்து நின்று பாடட்டும். பரீட்சகர் எத்தனை மதிப்பெண் இடுகிறார் என்பது பெரிதல்ல. தன் தாயின் பாட்டு பாடத்துக்குரியது என்று அக்குழந்தை அறிவதே பெரிது.

கலையின் படிகள் மேலே ஏறுவதற்கு மட்டும் உரியனவல்ல; அவற்றின் வழியே கீழே இறங்கி வந்து மக்களிடம் கற்கவும் வேண்டும். இருவழிப் போக்குவரத்து இல்லாத ஏணி, சிலரை உயர்த்தும், சமுதாயத்தை உயர்த்தாது. தாளத்தின் லயமும் தொழிலாளியின் லயமும் ஒரே சொல்லாக அமைந்தது தற்செயல். அவ்விரண்டையும் ஒரே வாழ்வாக அமைப்பது தற்செயலால் நிகழாது; அது நமது கடமை.